உள்ளத்துப் புண்ணும் தோலின்மேற் புண்ணும்

பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குச் சென்று, சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டுகிறோம். டாக்டர் கேட்கிறார்: "என்ன சாப்பிட்டாய்? சோப்பை மாற்றினாயா? கம்பளி புதிதா? வீட்டில் யாருக்கேனும் ஆஸ்துமா உண்டா?" எல்லாம் நல்ல கேள்விகளே. அவற்றில் ஒன்றையும் நான் குறை கூறமாட்டேன். ஆயினும் ஒரு கேள்வி மட்டும் அந்த அறையில் எழுவதே இல்லை. "இது தொடங்குவதற்கு முன் உன் வாழ்க்கையில் என்ன நடந்தது?" என்பதே அது. வெளியே வரிசையில் இன்னும் நாற்பது பேர் நிற்கிறார்கள். அவருக்குக் கேட்க நேரமில்லை. நமக்கோ தானாகச் சொல்லத் துணிவில்லை. களிம்பின் பெயர் எழுதிய சீட்டோடு வெளியே வந்துவிடுகிறோம்.

அந்த ஒரு கேள்விக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் டாக்டர் அல்லன். உயிரியல் ஆராய்ச்சி மாணவன். ஆகவே இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிட்டேன் என்று எவரும் என் அறைக் கதவைத் தட்ட வேண்டா. உள்ளத்தில் பட்ட காயம் தோலில் நோயாக வெளிப்படலாம், இருக்கும் நோயை முற்றச் செய்யலாம் என்பதை இன்றைய மருத்துவ நூல் ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொள்ளாமல் நிற்பவை நம் மருத்துவ நிலையங்களும் நம் விடுதிகளும்தாம்.

தமிழர்க்கு இச்செய்தி முற்றிலும் புதிதன்று. தலைவன் பிரிந்தால் தலைவியின் மேனியில் பசலை படர்வது நம் அக இலக்கியம் முழுதும் காணப்படுவது. திருக்குறளில் 119 ஆம் அதிகாரம் அந்த நிறமாற்றம் ஒன்றைப் பற்றியே அமைந்திருக்கிறது. தொல்காப்பியர், உள்ளத்து உணர்ச்சி உடலில் தோன்றுவதற்கென மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலையே வகுத்தார். இதைச் சொன்னவுடன், "பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் இன்று கண்டதை நம் பாட்டன் அன்றே கண்டான்!" என்று மேசையைத் தட்டும் நண்பர் நம் சங்கத்திலேயே இருக்கிறார். அவரைக் கொஞ்சம் அமரச் சொல்கிறேன். பசலை புலவன் கண்டது; மருத்துவன் கண்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அப்பாடல்களில் நம் காலத்துக்கு உதவும் செய்தி வேறொன்று இருக்கிறது. மகளின் மேனி வாடக் கண்ட தாய் அஞ்சுகிறாள். வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கிறாள். ஆட்டுக்குட்டியைப் பலி கொடுக்கிறாள். நோய் தணிவதில்லை. காரணம் அறிந்தவள் தோழி ஒருத்தியே. ஏன்? அவள் கூட இருந்தவள், கேட்டவள்.

இனி அறிவியலுக்கு வருவோம். கருவில் குழந்தை உருவாகத் தொடங்கும் நாட்களில் மூன்று படலங்கள் தோன்றுகின்றன. உட்படலத்திலிருந்து குடலின் உட்பூச்சும், நடுப்படலத்திலிருந்து தசையும் எலும்பும் குருதியும் உண்டாகின்றன. வெளிப்படலம் என்னாகிறது? அதன் ஒரு பகுதி உட்குழிந்து குழாயாகி மூளையும் தண்டுவடமும் ஆகிறது. எஞ்சியது தோலின் மேற்படையாகிறது. மூளையும் தோலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று நான் சொன்னால் அது அணி அலங்காரம் அன்று, கருவியல் பாடம். வளர்ந்த பின்பும் அவ்விரண்டும் பேச்சை விடுவதில்லை. நாணம் வந்தால் கன்னம் சிவக்கிறது. அச்சம் வந்தால் மயிர் சிலிர்க்கிறது. வாய்மொழித் தேர்வுக்குப் பெயர் சொல்லி அழைத்தால் உள்ளங்கை நனைகிறது.

இவை நொடியில் தோன்றி நொடியில் மறைபவை. துயரம் நொடியில் மறையாவிட்டால்? அதிர்ச்சி நேர்ந்ததும் மூளையின் அடியிலுள்ள ஹைபோதலமஸ் ஒரு செய்திப் பொருளை அனுப்புகிறது. அதைப் பெற்ற பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் தலையில் குல்லாய்போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, அது கார்ட்டிசாலைக் குருதியில் விடுகிறது. இதுவரை பள்ளிப்பாடம். பலர் அறியாதது, தோலும் இதே ஏற்பாட்டைச் சிறு அளவில் தனக்கென வைத்திருக்கிறது என்பதே. மூளை அனுப்பும் அதே செய்திப் பொருளைத் தோலின் உயிரணுக்களும் ஆக்கவல்லன. மேலும், தோலுக்குள் ஓடும் நரம்பு முனைகள் ‘சப்ஸ்டன்ஸ் பி’ போன்ற புரதத் துணுக்குகளை உமிழ்கின்றன. அவை பட்டதும், மாஸ்ட் செல் எனப்படும் காவல் அணுக்கள் தம்முள் சேர்த்து வைத்திருக்கும் ஹிஸ்டமினைக் கொட்டிவிடுகின்றன. உடனே சிவப்பு, தடிப்பு, அரிப்பு.

இங்கே வேதியியல் படிக்கும் நண்பர் ஒருவர் குறுக்கிடுவார்: "கார்ட்டிசால் அழற்சியை அடக்கும் பொருளாயிற்றே! கவலைப்படுபவனுக்குத் தோல் நோய் குறையத்தானே வேண்டும்?" நல்ல ஐயம். சில நாள் சுரந்தால் அவர் சொல்வதே நடக்கும். மாதக்கணக்கில் சுரந்தாலோ, நோயெதிர்ப்பு அணுக்கள் அதன் சொல்லுக்குச் செவிசாய்ப்பதை விட்டுவிடுகின்றன. வேறு சிலரிடம், வேண்டிய வேளையில் அது சுரப்பதே குறைந்துபோகிறது. அதோடு, தோலின் மேற்படையில் சுவருக்குச் சாந்துபோல் அமைந்துள்ள கொழுப்பும் மெலிகிறது. சாந்து உதிர்ந்த சுவரில் ஈரம் நிற்குமா? தோல் வறண்டு வெடிக்கிறது.

மாணவர்க்குப் புரியும்படி ஒரு சோதனையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 1998 இல் வெளியான ஆராய்ச்சி இது. பல் மருத்துவம் பயிலும் மாணவர் 11 பேர் உடன்பட்டனர். கோடை விடுமுறையில் ஒவ்வொருவரின் மேலண்ணத்திலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் ஒன்று செய்து, அது ஆறும் நாட்களை எண்ணினர். பிறகு பெருந்தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, அண்ணத்தின் மறுபக்கத்தில் அதே அளவுக் காயம் செய்தனர். தேர்வுக் காலத்துக் காயம் ஆறச் சராசரியாக மூன்று நாள் கூடுதலாயிற்று. அதாவது நூற்றுக்கு நாற்பது பங்கு மிகுதி. விடுமுறையில் ஆறிய வேகத்தில் தேர்வுக் காலத்தில் ஆறியவர் ஒருவர்கூட இல்லை. (இத்தகைய சோதனைக்கு நம் விடுதியில் ஆள் கிடைக்குமா என்று எண்ணிப் பார்த்தேன். மெஸ் கட்டணத்தைத் தள்ளினால் கிடைக்கலாம்.) அதே பல்கலைக்கழகத்தார் 1995 இல் வெளியிட்ட ஆய்வு இதனினும் துயரமானது. நினைவிழப்பு நோயுற்ற உறவினரை வீட்டில் வைத்துப் பேணும் பெண்கள் 13 பேர். அத்தகைய சுமையில்லாத பெண்கள் 13 பேர். முன்னங்கைத் தோலில் அதே அளவுக் காயம். சுமை தாங்கிய பெண்களுக்கு ஆற ஒன்பது நாள் கூடுதலாயிற்று.

தேர்வுக் கவலையும் குடும்பச் சுமையும் மனக்காயம் ஆகிவிடா. கண்முன்னே சாவைக் காண்பது, அடிபடுவது, சிறுவயதில் நம்பியவராலேயே சீரழிக்கப்படுவது, ஒரே இரவில் வீடு இழப்பது ஆகியவையே மனக்காயங்கள். 1995 ஜனவரி 17 விடியற்காலையில் ஜப்பானின் கோபே நகர்ப் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் குலுக்கிற்று. 6,000 பேருக்குமேல் மாண்டனர். அட்டோபிக் டெர்மடைட்டிஸ் என்னும் தோல் நோய் முன்பே உடையவர்கள் 1,457 பேரை அப்பகுதியில் மருத்துவர்கள் ஆராய்ந்தனர். நம் ஊரில் குழந்தைகளுக்குக் கரப்பான் என்கிறோமே, ஏறக்குறைய அந்த இனம். ஊர் கடுமையாக இடிந்த இடத்தில் வாழ்ந்தோரில் 100க்கு 38 பேருக்கு நோய் முற்றியிருந்தது. சேதமில்லாத இடத்திலோ 100க்கு 7 பேருக்கே. இடிபாட்டுத் தூசு, குளிக்க நீரின்மை, மருந்து தட்டுப்பட்டமை ஆகியவற்றுக்கும் பங்கிருக்கும் என்று நாம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆயினும் எவர் உள்ளம் மிகக் கலங்கியதோ அவர்க்கே நோயும் மிக முற்றியதாக அவ்வாய்வு கண்டது. விந்தை என்னவென்றால், அதே நிலநடுக்கத்துக்குப் பின் சிலருக்கு நோய் தணிந்தும் இருந்தது! உடல் எல்லோரிடத்தும் ஒரே கணக்கைப் போடுவதில்லை.

ஸ்வீடன் நாட்டில், அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்கள் உள்ளவை எனக் கண்டறியப்பட்ட 1,06,464 பேரைப் பல ஆண்டுகள் பதிவேடுகளின் வழியே தொடர்ந்து, 2018 இல் முடிவை வெளியிட்டனர். உடலின் காவற்படை தன் உடலையே தாக்கும் நோய்கள் அவர்களுள் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஒன்பது பேருக்கு வந்தன. அவர்தம் உடன்பிறந்தாருள் ஆறு ஏழு பேருக்கு வந்தன. காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸ் அந்நோய்களுள் ஒன்று. ஒரு தாய் வயிற்றில் பிறந்து, ஒரு வீட்டில் உண்டு வளர்ந்தவரோடு ஒப்பிட்டமையால், "எல்லாம் பரம்பரை" என்று தள்ளிவிட இயலவில்லை. வேறுபாடு பெரிதா? பெரிதன்று. பொய்யுமன்று.

அப்படியானால் துயரப்பட்ட எல்லோருக்கும் படை வரவேண்டுமே என்பீர்கள். நெருப்புக்குப் பொறியும் வேண்டும், விறகும் வேண்டும். சொரியாசிஸுக்குப் பிறவியிலேயே சில மரபணுக்கள் விறகாக அமைகின்றன. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் கிருமி ஒரு பொறி. சில மருந்துகள் ஒரு பொறி. மனக்காயமும் ஒரு பொறி. நமக்கோ தில்லிக் குளிரே ஒரு கட்டு விறகு. கடற்கரை ஈரத்தில் பிறந்து வளர்ந்த தோல், ஜனவரி மாதத்து வறண்ட காற்றில் வந்து நிற்கிறது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் ஊரோடு போயிற்று. தேங்காய் எண்ணெய் புட்டியில் கல்லாய் உறைந்து கிடக்கிறது. கொதிக்கக் கொதிக்கக் கெய்சர் வெந்நீரை ஊற்றிக்கொண்டு, இருந்த கொஞ்சம் எண்ணெய்ப் பசையையும் கழுவி விடுகிறோம். இவற்றின்மேல் ஒரு நாள் ஊரிலிருந்து ஒரு தொலைபேசிச் செய்தி வருகிறது.

இன்னொரு தடையும் உண்டு. துயரத்துக்கும் அதன் அடையாளத்துக்கும் நடுவே காலம் கிடக்கிறது. பெருங்காய்ச்சலுக்கோ பேரதிர்ச்சிக்கோ பின் முடி கொத்துக் கொத்தாய் உதிர்வதைப் பலர் கண்டிருப்பீர்கள். அது உடனே உதிர்வதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்தே உதிர்கிறது. அதற்குள் நாம் விடுமுறை முடிந்து திரும்பி, மெஸ் சோற்றையும் தில்லித் தண்ணீரையும் வைது கொண்டிருக்கிறோம். அக்டோபரில் உதிரும் முடிக்கும் ஜூலையில் நடந்த சாவுக்கும் முடிச்சுப் போட வேறொருவர் கேட்டாலன்றி நமக்கே தோன்றுவதில்லை.

என் விடுதியில் ஒரு நண்பர் இருந்தார். பெயர் வேண்டா, எழுதலாம் என்று இசைவு தந்துவிட்டார். அவர் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, விடுமுறையில் தாயாரோடு சென்ற பேருந்து கவிழ்ந்தது. அவருக்குச் சிறு கீறல். தாயார் அவர் மடியிலேயே இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடித்து வந்தவர், வகுப்புக்குப் போனார்; தேர்வு எழுதினார்; நன்றாகவே எழுதினார். "எவ்வளவு உறுதி!" என்று நாங்கள் வியந்தோம். ஏறக்குறைய ஆறு வாரத்தில் அவர் முழங்கையிலும் தலையிலும் வெள்ளிச் செதில்போல் தோல் உதிரத் தொடங்கிற்று. கறுப்புச் சட்டை அணிவதை விட்டார். முடி திருத்தகத்தில் ஒருவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வேறு கடை பார்க்கச் சொன்னார். மெஸ்ஸில் அவர் அமர்ந்த பலகையில் இரண்டு இடம் எப்போதும் காலியாக இருக்கும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி அமர்ந்தார்கள், அவ்வளவுதான். ஒன்றரை ஆண்டு களிம்பு, மாத்திரை, மறுபடி களிம்பு. போகும், வரும். பின்னர் ஒரு பெரிய மருத்துவமனையில், வயது முதிர்ந்த தோல் மருத்துவர் ஒருவர், படையைப் பார்த்து முடித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாராம். "அந்த ஆண்டு உனக்கு என்னப்பா நடந்தது?" என்று கேட்டாராம். அந்த அறையில்தான் தாயாருக்காக முதன்முதல் அழுததாக நண்பர் சொன்னார்.

அழுததும் படை மறைந்துவிட்டது என்று எழுதினால் கதை அழகாக முடியும். மறையவில்லை. அவருடைய பாட்டனாருக்கும் அந்நோய் இருந்ததாகப் பின்னர் தெரிந்தது. விறகு முன்பே அடுக்கப்பட்டிருந்தது. களிம்பும் ஒளிச் சிகிச்சையும் தொடர்ந்தன. வாரம் ஒரு முறை உளநூல் அறிஞர் ஒருவரிடம் பேசவும் சென்றார். இரவில் தூக்கம் வந்தது. தூக்கம் வந்ததும் சொறிவது குறைந்தது. இன்றும் முழங்கையில் இரண்டு வட்டங்கள் இருக்கின்றன. அரைக்கைச் சட்டைதான் அணிகிறார்.

மருந்தோடு மனத்துக்கும் செய்வது உதவும் என்பதற்கு ஒரு சிறு சான்று உண்டு. 1998 இல் அமெரிக்காவில், சொரியாசிஸுக்கு ஒளிச் சிகிச்சை பெற்ற 37 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் ஒளிப் பெட்டிக்குள் நிற்கும்போது தியானம் கற்பிக்கும் ஒலிநாடாவைக் கேட்டனர். மற்றவர் வெறுமனே நின்றனர். கேட்டவர்களின் தோல் விரைவாகத் தெளிந்தது. முப்பத்தேழு பேர் என்பது சின்னஞ்சிறு கூட்டம். அதிலும் ஒலிநாடா கேட்டவரும் ஒளியின்கீழ் நின்றே கேட்டனர் என்பதை, களிம்பை எறிந்துவிட்டுக் கண்ணை மூடி உட்காரப் புறப்படும் நண்பர்கள் கவனிப்பார்களாக.

இவ்விடத்தில் எதிர்ப்பக்கத்தாருக்கும் நான் நீதி செய்ய வேண்டும். "எல்லாம் மனசுதான்" என்று சொல்லிச் சொல்லியே நோயாளரை வதைத்த காலமும் ஒன்று இருந்தது. சிக்காகோ நகரத்து உளப்பகுப்பாய்வு அறிஞர் பிரான்ஸ் அலெக்சாண்டர் 1950 இல் எழுதிய நூலின் வழி, ஏழு நோய்கள் உள்ளப் போராட்டத்தில் பிறப்பவை என்ற கருத்து பெரிதும் பரவிற்று. அவ்வேழில் தோல் அழற்சியும் ஒன்று; வயிற்றுப் புண்ணும் ஒன்று. வயிற்றுப் புண் என்ன ஆயிற்று? 1982 இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டனர். 2005 இல் நோபல் பரிசு பெற்றனர். கவலையை விடு, கோபத்தை விடு என்று அறிவுரை கேட்டுக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்களுக்கு வேண்டியிருந்தது கிருமிக்கொல்லி மருந்து! குழந்தையின் கரப்பானுக்குத் தாயின் அன்புக் குறைவே காரணம் என்று பேசியவர்களும் அந்நாளில் இருந்தனர். இரவெல்லாம் விழித்துப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொண்டிருந்த தாய்க்கு அச்சொல் எப்படியிருந்திருக்கும்?

ஆகவே நம் விடுதியில் இருவர் ஒரே வாரத்தில், விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும், இரவில் கூடுதலாகச் சொறிந்துகொண்டால், அதை மனக்காயம் என்று கருத வேண்டா. அது சிரங்குப் பூச்சி. அறை முழுவதற்கும் மருந்து பூசி, துணியெல்லாம் வெந்நீரில் அலச வேண்டும். தொடையிடுக்கில் வட்ட வட்டமாய்ப் படர்வது படர்தாமரை, காளான் இனத்தது. அதற்கு நம் விடுதிகளில் ஒரு களிம்புக் குழாய் அறைக்கு அறை கைமாறி வருகிறதே, அதைப் பற்றி ஒரு சொல். ஸ்டீராய்டு, காளான் மருந்து, கிருமி மருந்து மூன்றும் கலந்த அக்களிம்பு இரண்டு நாளில் அரிப்பை நிறுத்தும். காளானை உள்ளே கொழுக்க வைக்கும். இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாகாது என்று 2018 இல் அரசு விதி செய்தது. கடைக்காரர் அதைப் படித்தாரா என்பது வேறு. மருந்துக்கு அடங்காத படர்தாமரை இந்தியாவெங்கும் பெருகியதற்கு இக்குழாய்க்கும் பங்குண்டு.

எது உடலின் குற்றம், எது உள்ளத்தின் குற்றம் என்று தராசு பிடிக்க மாணவர்களாகிய நம்மால் ஆகாது. நாம் செய்துகொண்டிருப்பது வேறொன்று. அதைப் பற்றித்தான் எனக்குச் சினம். நோய் உள்ளவன் அருகில் நாம் இடம் மாறி அமர்கிறோமே, அது இரண்டாவது காயம். சொரியாசிஸ் ஒட்டுநோய் அன்று. வெண்புள்ளியும் ஒட்டுநோய் அன்று. அதற்கு ‘வெண்குட்டம்’ என்று நம் மொழியில் வைத்த பெயர், தொழுநோயோடு ஒரு தொடர்பும் இல்லாத ஒன்றைத் தொழுநோயின் தலையில் கட்டிவிட்டது. அந்தத் தொழுநோயே கூட்டு மருந்தால் முழுதும் குணமாகும் என்றான பின்னரும், அதைக் காட்டி மணவிலக்குப் பெறலாம் என்ற விதி நம் சட்டங்களில் 2019 வரை இருந்தது. சட்டம் அவ்வாண்டு திருந்திற்று. மெஸ் பலகை இன்னும் திருந்தவில்லை.

ஐரோப்பாவில் 13 நாடுகளின் தோல் மருத்துவ நிலையங்களில் ஆராய்ந்து 2015 இல் வெளியிட்டார்கள். தோல் நோயாளருள் நூற்றுக்குப் பத்துப் பேரிடம் மனச்சோர்வு நோய் காணப்பட்டது. ஒப்பிடப்பட்ட மற்றவரிடம் நான்கு பேருக்குச் சற்று மேல். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமும் நோயாளரிடமே மிகுதி. செக்கு மாடுபோல் இது சுற்றுகிறது: துயரம் தோலைக் கெடுக்கிறது, தோல் மனிதரை விலக்குகிறது, விலக்கம் துயரைப் பெருக்குகிறது. இந்தச் சுற்றில் துயரத்தை நிறுத்த நம்மால் ஆகாது; மரபணுவை மாற்ற நம்மால் ஆகாது. தட்டை எடுத்துக்கொண்டு அருகில் போய் அமர்வதற்கு ஒரு பட்டமும் வேண்டா.

வேறு சிலரும் நம்மிடையே உண்டு. மே மாதத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போதும் முழுக்கைச் சட்டை அணிந்திருப்பார்கள். கவலை மிகும்போது தம் தோலைத் தாமே கிள்ளிப் புண்ணாக்குவோர், முடியைப் பிடுங்குவோர், கையைக் கீறிக்கொள்வோர் அவர்கள். இது கெட்ட பழக்கமன்று. பெயரும் சிகிச்சையும் உள்ள நோய். "என்ன இது?" என்று நாலு பேர் நடுவில் கையைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது உதவி ஆகாது. தனியே, மெல்லக் கேட்கலாம். பதில் வராவிட்டால் மறுநாளும் தேநீருக்கு அழைக்கலாம்.

மொழி என்றொரு சிக்கலும் நமக்கு இருக்கிறது. தமிழில் அரிப்பு வேறு, நமைச்சல் வேறு, ஊறல் வேறு, தினவு வேறு, குறுகுறுப்பு வேறு, எரிச்சல் வேறு. ஊர் வைத்தியரிடம் பாட்டி இவற்றைப் பிரித்துச் சொல்வாள். அவரும் பிரித்து மருந்து கொடுப்பார். இங்கே இந்தியிலோ ஆங்கிலத்திலோ சொல்ல வாயெடுத்தால் நம்மில் பலருக்கு ‘அலர்ஜி’ என்ற ஒரு சொல்தான் வருகிறது. தோலுக்கே சொல் இல்லையென்றால், "அம்மா போனதிலிருந்து நெஞ்சு அடைத்தாற்போல் இருக்கிறது" என்பதை எந்த மொழியில் சொல்வது? முதலாண்டு மாணவர் ஒருவர் மருத்துவ நிலையத்து வாயில்வரை சென்று, சொல் கிடைக்காமல் திரும்பியதை நான் அறிவேன்.

2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், காப்பீடு தருவதில் மனநோயையும் உடல்நோயையும் சமமாக நடத்த வேண்டும் என்றது. நம் பல்கலைக்கழகத்திலோ தோல் மருத்துவர் செவ்வாய்க்கிழமை ஒரு கட்டிடத்தில் வருகிறார்; மனநல ஆலோசகர் வெள்ளிக்கிழமை வேறொரு கட்டிடத்தில் வருகிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்களா என்பதே ஐயம். வெள்ளிக்கிழமைக் கட்டிடத்துக்குள் நுழைந்தால் யாரேனும் பார்த்துவிடுவார்கள் என்ற அச்சம் வேறு. தோல் மருத்துவரைப் பார்க்க எவரும் நாணுவதில்லை. ஆகவே இருவரையும் ஒரே நாளில், அடுத்தடுத்த அறையில் அமர்த்துவதே எளிய வழி. செலவு ஒரு நாற்காலி.

அதுவரை பொறுக்க இயலாதவர்க்கு, 2022 இல் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவி உண்டு. எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

நம் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்களை முன்மொழிய இருக்கிறேன். ஒன்று, மேற்சொன்ன ஏற்பாட்டைக் கேட்டுப் பதிவாளருக்கு விண்ணப்பம் அனுப்புவது. மற்றொன்று, முதலாண்டு மாணவர் எவரேனும் மருத்துவ நிலையத்துக்குச் செல்ல வேண்டுமானால், உடன் சென்று மொழிபெயர்க்க மூத்த மாணவ மாணவியர் அறுவர் பெயரைச் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பது. அந்த அறுவரில் மூவராவது பெண்களாக இருக்க வேண்டும். ஏன் என்று மாணவியருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளச் செயலாளரிடம் சொல்லிவிட்டேன். இன்னும் ஐந்து பெயர் வேண்டும்; தீர்மானத்தை வழிமொழிய ஒருவரும் வேண்டும்.